ஹெலிகாப்டர் பார்ப்பது தண்ணீரையா? நிலத்தடி வரைபடத்தை மலாக்காவில் நின்று எப்படிப் படிப்பது?

மலாக்காவில் மழை பொய்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தலைதூக்கும்: எத்தனை நாளைக்கு அணையையே பார்த்துக்கொண்டிருப்பது, நிலத்துக்கு அடியிலிருந்து எடுத்தால் என்ன? 1991-ல் டுரியான் துங்கல் அணை வற்றி மாநிலமே தவித்த கதையை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வாளிக் கணக்கோடு சொல்வார்கள். 2020 ஜனவரியிலும் அணையின் மட்டம் இறங்கி, முறைவைத்துத் தண்ணீர் விடும் நிலை வந்தது. அதோடு, மலாக்காவின் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு பக்கத்து மாநிலமான ஜோகூரில் ஓடும் மூவார் ஆற்றிலிருந்து வருகிறது. அங்கே ஆறு இளைத்தால் இங்கே குழாய் இளைக்கும்.

இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இப்போது ஒரு ஹெலிகாப்டரும் வந்து நிற்கிறது. 2021 அக்டோபரில் இந்தியா, ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஹெலிகாப்டர் மூலம் நிலத்தடி நீரைத் தேடும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ராஜஸ்தான், குஜராத், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களின் வறண்ட பகுதிகள்தான் இலக்கு. கலிபோர்னியா 2021 முதல் 2023 வரை தன் நிலத்தடி நீர்ப் படுகைகளின் மேல் இப்படிப் பறந்து, டேட்டாவைப் பொதுவில் வைத்துவிட்டது. டென்மார்க் இவர்களுக்கெல்லாம் மூத்தது. இந்த ஆய்வுகளிலிருந்து வரும் சிவப்பும் நீலமுமான குறுக்குவெட்டுப் படங்கள் உங்கள் போனிலும் எப்போதாவது வந்திருக்கும். பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது, "நீலமா இருக்கே, அப்ப அதுதான் தண்ணி."

அங்கேதான் முதல் சறுக்கல். டென்மார்க் வழக்கப்படி வரையப்பட்ட படத்தில் நீலம் என்றால் மின்சாரம் எளிதாகப் பாயும் இடம். அது களிமண்ணாக இருக்கலாம், கடல்நீர் புகுந்த மண்ணாகவும் இருக்கலாம். குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீரை வைத்திருக்கும் மணல், அதே படத்தில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரியும். வேறு நாட்டுப் படங்களில் நிறம் நேர் எதிராகவும் இருக்கும். படத்தின் ஓரத்தில் இருக்கும் கலர் பட்டையைப் பார்க்காமல் "நீலம்தான் தண்ணீர்" என்று போர் போட்டால், களிமண்ணில் காசைப் புதைப்பதாகத்தான் முடியும்.

வானிலிருந்து என்னதான் அளக்கிறார்கள்?

ஹெலிகாப்டருக்குக் கீழே பல மீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் தொங்கும். தரையிலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில் அது பறந்துகொண்டே போகும். வளையத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சி, சட்டென்று நிறுத்துவார்கள். நிறுத்திய அந்தக் கணத்தில், கீழே மண்ணுக்குள் தானாகவே ஒரு சுழல் மின்னோட்டம் பிறக்கும். பிறந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் பரவித் தேய்ந்துபோகும். அது தேயும் வேகத்தைத்தான் கருவி அளக்கிறது. எல்லாம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும்.

கோயில் மணியை அடித்துவிட்டுக் கேட்பது போல வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நன்றாகப் பாயும் களிமண்ணில் அந்த ஓசை நீண்டு ஒலிக்கும். கருங்கல்லில் அடித்த மறுகணமே அடங்கிவிடும். முதலில் வரும் ஒலி மேல்மண்ணைப் பற்றிச் சொல்லும், கடைசியில் வருவது ஆழத்தைப் பற்றி. இப்படி ஒவ்வொரு சில பத்து மீட்டருக்கும் ஓர் "ஓசை" என்று, ஒரு நாளில் பல நூறு கிலோமீட்டர் பறந்து சேர்த்துவிடலாம். தரையில் கம்பி நட்டு அளப்பவர்களுக்கு இதே வேலை மாதக்கணக்கில் ஆகும். தொழில்நுட்பத்தின் பலம் இதுதான், இதில் சந்தேகமில்லை.

பலவீனம் அடுத்த படியில் இருக்கிறது. கருவி கேட்டது ஓசையை மட்டும். கீழே எந்த ஆழத்தில் எந்த மண் இருந்தால் இந்த ஓசை வரும் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. இதற்கு இன்வர்ஷன் என்று பெயர். டுரியானை வாங்குவதற்கு முன் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். உள்ளே எத்தனை சுளை, சதை எவ்வளவு தடிப்பு என்று ஆட்டலிலிருந்தே யூகிக்கிறோம். பழக்கப்பட்ட கை பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் ஒரே மாதிரி ஆடும் இரண்டு பழங்கள் உள்ளே ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இது வெறும் உவமை என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கிலேயே இருக்கும் சிக்கல் இது. மண்ணுக்குள் மின்சாரம் பாய எவ்வளவு எதிர்ப்பு என்பதை மின்தடை எண் என்பார்கள், அலகு ஓம்-மீட்டர். கடினப் பாறைகளுக்கு நடுவே 5 ஓம்-மீட்டர் உள்ள களிமண் 10 மீட்டர் தடிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 10 ஓம்-மீட்டர் உள்ள களிமண் 20 மீட்டர் தடிப்பில் இருந்தாலும் மேலே ஏறக்குறைய அதே ஓசைதான் கேட்கும். எது உண்மை என்று ஹெலிகாப்டரால் சொல்ல முடியாது. துளை போடுகிறவருக்கோ அது 10 மீட்டர் வித்தியாசம். போதாததற்கு, ஒரே டேட்டாவை ஒருவர் படிப்படியாக நிறம் மாறும் படமாக வரையலாம், இன்னொருவர் கத்தியால் வெட்டிய மாதிரி அடுக்குகளாக வரையலாம். இரண்டுமே டேட்டாவோடு பொருந்தும்.

கடலூரில் பறந்தது எதற்காக?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருக்கிறது. ஜோத்பூருக்குச் சில வருடங்கள் முன்பே இந்தியாவின் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆறு இடங்களில் சோதித்துப் பார்த்தன. அங்கேயே உருவான ஸ்கைடெம் என்ற கருவிதான் பறந்தது. இடங்களைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்க வேண்டியது: ஜெய்சால்மரில் பாலைவனம், பாட்னாவில் கங்கை வண்டல், நாக்பூரில் எரிமலைப் பாறை, தௌசாவில் ராஜஸ்தானின் இன்னொரு முகம், கர்நாடகத்தின் தும்கூரில் கெட்டிப் பாறை, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் கீழ்ப்பகுதி. ஒரு மண்ணில் பலித்தது இன்னொரு மண்ணில் பலிக்குமா என்பதுதான் கேள்வியே.

வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. மலாக்காத் தோட்டங்களுக்கு வந்த நம் பூட்டன் பாட்டிமாரில் அந்தத் தென்னாற்காட்டுப் பக்கத்துக்காரர்களும் உண்டு. அங்கே பூமி அடுக்குப் பலகாரம் மாதிரி: மணல், களிமண், மறுபடி மணல். கொஞ்சம் உள்ளே போனால் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் அவ்வளவு அழுத்தத்தோடு மேலே தள்ளுவதால், அதை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கமே வெட்ட முடிகிறது. கடலோரத்திலோ உப்புநீர் பயம். ஒரே மாவட்டத்தில் தண்ணீர் ஓரிடத்தில் தொல்லை, ஓரிடத்தில் தேவை, ஓரிடத்தில் விஷம்.

இப்போது அந்தப் பகுதியின் படத்தில் 20 ஓம்-மீட்டர் என்று ஓர் இடம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல தண்ணீருக்கு மேல் மூடிபோட்டிருக்கும் களிமண்ணாக இருக்கலாம். உவர்நீர் ஏறிய மணலாகவும் இருக்கலாம். முதலாவது, விவசாயிக்குப் பாதுகாப்பு. இரண்டாவது, அவருடைய போரை நோக்கிக் கடல் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அறிகுறி. எண் ஒன்றே. எந்தச் சாஃப்ட்வேராலும் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே போட்ட துளைகளில் என்ன மண் வந்தது, அங்கே தண்ணீர் என்ன ருசி என்ற பதிவு கையில் இருந்தால்தான் முடியும்.

மலாக்காவுக்கு மேலே பறந்தால்?

கடலூரின் அடுக்குப் பூமியும் தும்கூரின் கெட்டிப் பாறையும் சுமார் 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டால் கிடைப்பதுதான் ஏறக்குறைய மலாக்கா. மனசுக்குள் ஒரு ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரையிலிருந்து வடக்கே போய்ப் பார்ப்போம்.

கரையோரத்தில் கடலைத் தூர்த்து மேலே மணல் கொட்டிய நிலம், அதற்கடியில் உப்பில் ஊறிய கடற்களிமண். மின்தடை எண் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். சிக்னல் இந்தச் சேற்றிலேயே பெரும்பகுதி மாட்டிக்கொள்ளும், கெட்டிப் பாறைப் பகுதியில் 200, 300 மீட்டர் வரை எட்டும் கருவி இங்கே அதில் பாதிகூட எட்டாமல் போகலாம். நல்ல படங்களில் "இதற்குக் கீழே நம்பாதே" என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள், அல்லது அதற்குக் கீழே நிறத்தை வெளிறச் செய்திருப்பார்கள். அந்தக் கோட்டை அழித்துவிட்டு அழகாகச் சுற்றுக்கு விடும் படங்களும் உண்டு. இருந்தாலும் உப்பு எது வரை ஏறியிருக்கிறது என்று காட்டுவதில் இந்தக் கருவிக்கு ஈடு கிடையாது. நெதர்லாந்தின் சீலாந்து மாநிலம் முழுவதும் இதற்காகவே பறந்திருக்கிறார்கள்.

அடுத்து மலாக்கா நகரம். இங்கே பறக்கவே முடியாது. வீடுகளுக்கு மேலே வளையத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தாழப் பறக்க யாரும் அனுமதி தரமாட்டார்கள். ஆக, புக்கிட் சீனா அடிவாரத்தில் எந்தக் காலத்திலும் வற்றாது என்று சொல்லப்படும் ஹாங் லி போ கிணறு, இந்த ஆய்வின் கண்ணுக்கு வெளியேதான் இருக்கும். ஆ ஃபமோசா கோட்டை வாசலில் நீங்கள் கைவைத்துப் பார்த்திருக்கக்கூடிய அந்தச் சிவந்த துளைத்துளைக் கல், செம்புறைக்கல், தோட்டத்துச் செம்மண் சாலைகளின் சொந்தக்காரன். வெயிலில் காய்ந்த செம்புறை அடுக்கு மின்சாரத்தை அவ்வளவாக விடாது, படத்தில் பாறை மாதிரியே தெரிந்து ஆளை ஏமாற்றும்.

நகரத்தைத் தாண்டி டுரியான் துங்கல் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள். நடுவே உயரழுத்த மின்கம்பிகள், குழாய்கள், நெடுஞ்சாலை வேலிகள். கம்பியும் இரும்பும் மண்ணைவிடச் சத்தமாகக் கத்தும். அந்த இடங்களின் டேட்டாவை வெட்டித் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டியபின் வரும் ஓட்டையைக் கணினி இரு பக்கத்து நிறத்தையும் கலந்து மெழுகிவிடும். மலாக்கா மாதிரி நெருக்கமான சின்ன மாநிலத்தில் இது சாதாரண விஷயமல்ல. ஆகவே யாராவது இப்படி ஒரு வரைபடத்தை உங்கள் தாமான் கூட்டத்தில் நீட்டினால், முதலில் கேளுங்கள்: ஹெலிகாப்டர் நிஜமாகப் பறந்த கோடுகள் எவை, மெழுகிய இடம் எது?

மேலும் உள்ளே, மலையும் பள்ளமுமான நிலம். மேலே பல மீட்டர் சிதைந்து இளகிய மண், கீழே கருங்கல்லோ ஷிஸ்ட் பாறையோ. கெட்டிக் கருங்கல் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டரில் நிற்கும். சிதைவு ஆழமாக இறங்கிய பள்ளங்கள் படத்தில் தெளிவாகவே தெரியும், போர் போடுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடங்களும் அவைதான். ஷிஸ்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்து ஷிஸ்டில் சில இடங்களில் கிராஃபைட் கலந்திருக்கும், பென்சிலுக்குள் இருக்கும் அதே பொருள். சொட்டுத் தண்ணீர் இல்லாமலேயே அது மின்சாரத்தைக் கடத்தும்.

கடைசியில் அலோர் காஜா பக்கம் கடேக் வெந்நீர் ஊற்று. இங்கேதான் எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் எல்லை நன்றாகப் புரிகிறது. ஆழத்திலிருந்து பாறை விரிசல் வழியாக ஏறி வரும் தண்ணீர் கையைச் சுடுகிறது, குடும்பம் குடும்பமாக வந்து கால் நனைக்கிறார்கள். ஆனால் அந்த விரிசல் மீட்டர் கணக்கில்தான் அகலம். ஹெலிகாப்டரின் ஒரு "பார்வை" பல பத்து மீட்டர் அகலத்தைச் சேர்த்துச் சராசரி எடுக்கும், ஆழம் போகப்போக இன்னும் அகலும். சுற்றிலும் பாறை சிதைந்து களிமண்ணாகியிருந்தால் தடயம் கிடைக்கலாம். இல்லையென்றால், பொங்கி வழியும் ஊற்றுக்கு மேலேயே பறந்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று போய்விடலாம். தும்கூர் மாதிரியான கெட்டிப் பாறைப் பகுதிகளில் தண்ணீர் இருப்பதே இத்தகைய விரிசல்களில்தான்.

அப்படியானால் மலாக்காவுக்கு இது தேவையா?

கிளந்தானோடு ஒப்பிட்டுப் பேசுவோர் உண்டு. அங்கே குழாய்த் தண்ணீரில் பெரும் பங்கு நிலத்தடியிலிருந்து வருவது உண்மைதான். வடக்கே ஆறு கொண்டுவந்து கொட்டிய தடிப்பான மணல் சமவெளி அவர்களுக்கு வாய்த்திருக்கிறது, மலாக்காவுக்கு அது வாய்க்கவில்லை. அந்தத் தண்ணீரிலும் இரும்புச் சத்து ஏறி வெள்ளைச் சட்டை மஞ்சளாகும் புகார் அவர்களுக்குப் பழையது. இரும்பு எவ்வளவு என்பதை எந்த ஹெலிகாப்டரும் சொல்லாது. நிலத்தடி நீர் மலாக்காவின் அணைகளுக்கு மாற்றாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு தோட்டம், ஒரு சின்னத் தொழிற்சாலை, வறட்சியில் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க உதவும். அதுவே சின்ன விஷயமல்ல.

டென்மார்க் இதை வேறு கோணத்தில் பார்த்தது. அங்கே குடிநீர் ஏறக்குறைய முழுக்க நிலத்தடியிலிருந்துதான். 1999-லிருந்து 2015 வரை நாட்டின் சுமார் 40 சதவீத நிலத்தை வரைபடமாக்கினார்கள். தண்ணீர் எங்கே என்று அவர்களுக்கு முன்பே ஓரளவு தெரியும். மேலே மூடியிருக்கும் களிமண் எங்கே மெலிந்திருக்கிறது, வயலில் போடும் உரம் எங்கே நேராக இறங்கும் என்று கண்டுபிடிப்பதே பெரிய நோக்கம். உரம் போடும் செம்பனைக்கு நடுவே நீர்ப்பிடிப்புப் பகுதிகளை வைத்திருக்கும் மலாக்காவுக்கு, "போர் எங்கே போடலாம்" என்பதைவிட இந்தக் கேள்வி பொருத்தமானது.

எந்தக் கேள்வியாக இருந்தாலும் படம் பேச வேண்டுமென்றால் தரையில் சாட்சி வேண்டும். டென்மார்க் தன் துளைப் பதிவுகளையும் அளவீடுகளையும் தேசியத் தரவுத்தளங்களில் பல பத்து ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கிறது. நம் பக்கத்தில் சாட்சிகள் வேறு வடிவில் இருக்கின்றன. 1890-களில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கிலும் புக்கிட் அசாகானிலும் ரப்பர் நட்ட காலத்திலிருந்து, தோட்டம் தோட்டமாகக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். எந்த லயத்துக் கிணறு எத்தனை முழம், எதில் துணி துவைத்தால் கறை பிடிக்கும், எது சித்திரையில் வற்றும், எது எப்போதும் வற்றாது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தோட்டங்கள் தாமானாக மாற மாற கிணறுகளைத் தூர்த்துவிட்டார்கள். தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் லட்சக்கணக்கில் செலவழித்துத் துளை போட்டுத் தேடும் தகவலில் ஒரு பங்கு, மெர்லிமாவிலோ ஜாசினிலோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் தாத்தாவிடம் இருக்கலாம்.

கிணறு இன்னும் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஃபெர்டிகேஷன் முறையில் மிளகாய் போடுகிறவர்கள் உரத்தண்ணீரை அளக்க ஒரு சின்ன மீட்டர் வைத்திருப்பார்கள், ஈசி மீட்டர் என்று ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கும். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அது சொல்லும், ஹெலிகாப்டர் தேடும் அதே குணம்தான். மீட்டர் 100 மைக்ரோசீமென்ஸ் காட்டினால் அந்தத் தண்ணீரின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர். 2,000 காட்டினால் 5 ஓம்-மீட்டர். கடல்நீர் 50,000 பக்கம் போய் 0.2 ஓம்-மீட்டருக்கு இறங்கிவிடும். களிமண் கலக்காத மணலில் அந்தத் தண்ணீர் ஊறியிருந்தால், மணலும் தண்ணீரும் சேர்ந்து தண்ணீரின் எண்ணைப் போலச் சுமார் நான்கு, ஐந்து மடங்கு காட்டும்.

இதை வைத்து அந்த 20 ஓம்-மீட்டர் புதிருக்குத் திரும்பிப் போகலாம். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் 100 ஓம்-மீட்டர் என்றால், அது ஊறிய மணல் 400, 500 காட்டியிருக்க வேண்டும். படம் 20 என்கிறது, ஆகவே அங்கே இருப்பது களிமண். கிணற்றுத் தண்ணீர் 5 ஓம்-மீட்டர் என்றால் மணல் 20, 25 காட்டும். அப்போது அது களிமண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை, உவர்நீர் ஏறிய மணலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அளக்கும்போது கிணறு இருக்கும் இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், தேதியையும் கயிறு விட்டுப் பார்த்த ஆழத்தையும் சேர்த்து. மழை பெய்த மறுநாள் அளக்காதீர்கள், மேல்தண்ணீர் கலந்திருக்கும். பெரியவர்களிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது: 1991-ல் அந்தக் கிணற்றில் எத்தனை வாளி கிடைத்தது?